மைக்ரோமீட்டர் கிடைத்தது

உ

குரோம்பேட்டை
வெள்ளிக்கிழமை இரவு

அன்பு மகன் செந்திலுக்கு அப்பா எழுதுவது. இங்கு அம்மாவும் நானும் நலம். அங்கு நீ, கவிதா, பாப்பா எல்லோரும் நலமா? அம்மாவுக்கு முட்டி வலி முன்னைக்குத் தேவலை. எனக்குச் சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் "சரிப்பா, வெச்சிடறேன்பா" என்கிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். போன புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கை தவறி உன் நம்பருக்குப் போய்விட்டது. முதல் மணியிலேயே எடுத்தாய். பின்னால் குக்கர் விசில் கேட்டது. வீட்டிலிருந்தே வேலை என்று சொன்னாய். சரி, இப்போது எல்லாரும் அப்படித்தானே.

விஷயத்துக்கு வருகிறேன். இன்று பல்லாவரம் சந்தைக்குப் போயிருந்தேன். வாராவாரம் போகிறேன் என்று அம்மா உன்னிடம் புகார் சொல்லியிருப்பாள். "இது வீடா, காயலான் கடையா?" என்று கேட்கிறாள். மர்ஃபி ரேடியோ வந்த அன்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அது பாடியதும் அவள்தான் முதலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த ரேடியோவை நேரே பிளக்கில் சொருகினேன் என்று நினைக்காதே. பழைய வால்வ் செட்டில் கண்டென்சர் எல்லாம் ஒழுகிப் போயிருக்கும், நேரே கரண்ட் கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். ஒரு அறுபது வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டுத்தான் கொடுத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், எரிந்து மங்கினால் பயமில்லை. மங்கியது. அதற்கு முன்னால் ஒரு எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரமும் வாங்கினேன், அதில் ஏமாந்துவிட்டேன். டயல் நேற்று அடித்தது, எழுத்து கோணல், உள்ளே இருக்கும் மிஷின் வேறு எதிலிருந்தோ பிடுங்கியது. உங்கள் பெங்களூர் ஜாலஹள்ளியில் 1961-ல் ஆரம்பித்த கடிகார ஃபேக்டரி. 2016-ல் கடிகாரப் பிரிவை மூடினார்கள். மூடிய பிறகு அந்தப் பெயருக்கு இவ்வளவு கிராக்கி. ஓடிக்கொண்டிருந்த கடைசிக் காலத்தில் வாங்க ஆளில்லை.

சந்தையில் வெள்ளிக்கிழமை காலை போனால் எல்லாம் கிடக்கும். பூச்செடி, புறா, பீரோ, கட்டில், உடைந்த செல்போன், யார் வீட்டுக் கல்யாண போட்டோவோ கண்ணாடிச் சட்டத்தோடு. சாமானைவிட விற்கிற ஆளைப் பார்ப்பதுதான் எனக்கு இப்போது வழக்கமாகிவிட்டது. கடைக்காரர்களைச் சொல்லவில்லை. பையில் ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு கடைக்கு முன்னால் நின்று, மூன்றாவது கடையில் மெதுவாக வெளியே எடுப்பார்கள் பார், அவர்களை. கடைக்காரன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வான், இந்த ஆளுக்கு இன்றே பணம் வேண்டுமென்று. பாதி விலைதான் சொல்வான். இவரும் கொடுத்துவிட்டுப் போவார். அவசரத்தில் எதையும் விற்கக்கூடாதப்பா. இதைப் பொதுவாகத்தான் சொல்கிறேன்.

இன்று ஒரு பையன் தார்பாயில் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், பாதி தேய்ந்த அரம் எல்லாம் குவித்து வைத்திருந்தான். அடியில் ஒன்று கருப்பாக வளைந்து தெரிந்தது. எடுத்தேன். "சி கிளாம்ப் பெரியவரே, நூத்தம்பது" என்றான். அது கிளாம்ப் இல்லை. ஷெஃபீல்டில் செய்த மூர் அண்ட் ரைட் மைக்ரோமீட்டர், தடிமன் அளக்கிற கருவி, ஒரு அங்குல சைஸ். துருவுக்குக் கீழே பேர் இருந்தது. பையனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நூற்றைம்பதைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

தாத்தாவின் மைக்ரோமீட்டர் நினைவிருக்கிறதா என்று கேட்க மாட்டேன். உனக்கு மறந்திருக்காது.

வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். உப்புத்தாள் போடவில்லை, போட்டால் போச்சு. இரண்டு முகத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து மெதுவாக மூடி இழுத்தால் அழுக்கு தாளில் வந்துவிடும். அப்புறம் ராட்செட்டைத் திருப்பி மூடிப் பார்த்தால் ஜீரோவில் நிற்கவில்லை, அரை தௌ, அதாவது அங்குலத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, தள்ளி நின்றது. அதைச் சரிசெய்ய ஒரு சின்ன கொக்கி ஸ்பேனர் வேண்டும். உடைந்த ஹாக்சா பிளேடைத் தேய்த்து நானே செய்தேன். சரிபார்க்க ஸ்லிப் கேஜ் என்கிற அளவுக் கட்டைக்கு எங்கே போவது? தெருமுனை சைக்கிள் கடையில் ஒரு கால் அங்குல பால்ஸ் வாங்கி வந்தேன். புள்ளி இரண்டு ஐந்து பூஜ்யம் என்று வந்து நின்றது. எழுபத்துமூன்று வயதில் கை நடுங்குகிறது, ஆனால் மைக்ரோமீட்டரைப் பிடித்தால் நடுங்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உனக்கு எட்டு வயதில் சொன்னதையே மறுபடி சொல்கிறேன். உள்ளே இருக்கும் திருகில் அங்குலத்துக்கு நாற்பது மரை. ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து தௌ நகரும். உருளையில் இருபத்தைந்து கோடு, கோட்டுக்கு ஒரு தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாய். கிண்டியில் என்னிடம் வந்த அப்ரண்டிஸ்கள் சிலர் ஒரு மாதம் தடுமாறுவார்கள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாயே: செந்தில் முடி இரண்டரை தௌ. அம்மா முடி மூன்று. ஆயாவின் நரைமுடி இரண்டு. நோட்டுத் தாள் நான்கு. புளிய இலையை வைத்து நசுக்கிவிட்டு அழுதாய். அந்தப் பக்கத்தை என் சூப்பர்வைசருக்குக் காட்டினேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் தலைக்கனம் வரும் என்று நினைத்தேன்.

ஆனால் அதற்கப்புறம் நீ ஒரு திருப்புளியைக் கூடக் கையால் தொடவில்லை. பி.இ. முடித்தவன், வண்டி பிளக்கைக் கழற்ற மெக்கானிக்கைத் தேடுவாய். கவிதா வீட்டார் முன்னால் அதை நான் சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். எனக்குத் தெரியும் அது என்ன சிரிப்பு என்று.

பி.எஃப். பணத்தைத் தொடாதே. எந்த நிலைமை வந்தாலும் அதைத் தொடாதே. கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. நாற்பத்தெட்டு வயது ஆகிறது, பிரஷர் பார்த்தாயா? பாப்பா ஃபீஸ் கட்டியாயிற்றா? எதையாவது கொடுத்துவிடலாம் என்று தோன்றினால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்.

1984-ல் எங்கள் கம்பெனி ஏழு மாதம் பூட்டிக் கிடந்ததல்லவா? சங்கம் வாரம் ஏதோ கொஞ்சம் கொடுத்தது. அம்மா ஊதுவத்தி உருட்டினாள். நான் காலையில் கேட் கூட்டத்துக்குப் போவேன், மத்தியானம் போக இடமிருக்காது. மின்சார ரயில் ஏறி சென்ட்ரல் பக்கம் போய் மூர் மார்க்கெட்டில் சுற்றுவேன். கிராமபோன் தட்டு, பழைய புத்தகம், கிளி, கத்திரிக்கோல், எல்லாவற்றையும் பார்ப்பேன். வாங்க ஒன்றுமில்லை என்பதால் அலுக்காது. பிறகு ஒருநாள் என் வெர்னியர் அளவுகோலை விற்கக் கொண்டுபோனேன். அது என்னுடையது, பாதகமில்லை. புரட்டாசி பிறந்ததும் மைக்ரோமீட்டரைக் கொண்டுபோனேன். பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு அதை மட்டும் டிபன் பையில் போட்டுக்கொண்டேன். பெரம்பூர் லோகோவில் முப்பது வருஷம் தாத்தா கையில் இருந்தது. ஃபிரேமில் அவர் ஆணியால் கீறிய 'ஆர்.எம்.' மேலே கடைக்காரன் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தான். அறுபது ரூபாய் கொடுத்தான். நான் பேரம்கூடப் பேசவில்லை.

அந்த அறுபதில் இருபது அரிசிக்குப் போனது. மீதி வீட்டுக்கு வந்து சேரவில்லை. ஒரு பகல் காட்சி பார்த்தேன், தனியாக. ஓட்டலில் சாப்பிட்டேன். பாக்கி என்ன ஆனதென்று எனக்கே தெரியாது.

ஆயுத பூஜைக்கு அம்மா சாமான்களைத் துடைத்துச் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தாள். தாத்தா பெட்டியைத் திறந்தாள். "எங்கேங்க?" என்று கேட்டாள். அவள் அப்பா கொடுத்த பொருள். நீ வாசலில் பொரிகடலை தின்றுகொண்டு நின்றாய். "இவன்தான் எடுத்து விளையாடினான், எங்கே போட்டானோ" என்று சொன்னேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை, வாயில் வந்தது. அம்மா விசிறிக் காம்பால் அடித்தாள். "நான் எடுக்கலம்மா" என்று நீ ஒரு தடவைதான் சொன்னாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். நான் குங்குமக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் கட்டிலுக்கு அடியிலும், அரிசிப் பானைக்குப் பின்னாலும், கிணற்றடியிலும் தேடினாய். தான் எடுக்கவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை ஒருவன் தேட மாட்டான். ஒருவேளை நாம்தான் தொலைத்துவிட்டோமோ என்று உன்னையே நீ சந்தேகப்படும்படி ஆகிவிட்டது. அந்த மூன்று நாளில் எந்த நேரமும் நான் சொல்லியிருக்கலாம்.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. கம்பெனி திறந்திருந்த சமயம். மறுநாள் ஷிப்ட் முடிந்து போய்ப் பார்த்தேன், செங்கல் சுவரும் புகையும். பக்கத்தில் கடைக்காரர்கள் தலையில் கை வைத்து அழுதுகொண்டிருந்தார்கள். என் மனதில் அப்போது என்ன வந்தது தெரியுமா? நல்லவேளை, இனி யாருக்கும் தெரிய வழியில்லை. இதை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று வாங்கியதை மூன்று தடவை திருப்பிப் பார்த்தேன், 'ஆர்.எம்.' இருக்கிறதா என்று. இல்லை. எப்படி இருக்கும்? ஆனாலும் பார்த்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைத்தான் தேடினேனோ என்னவோ. ரேடியோவும் கடிகாரமும் அம்மாவுக்குச் சொல்ல ஒரு சாக்கு.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீ சொல்லிவிடாதே, நானே சொல்ல வேண்டும். அவளுக்குக் கோபம் வருவது பரவாயில்லை. அந்த விசிறிக் காம்பு அவள் ஞாபகத்துக்கு வரும், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ராத்திரி என் முடியை அளந்து பார்த்தேன். இரண்டு தௌகூட வரவில்லை. ஆயா முடியைவிட மெலிந்துவிட்டது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். பாப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புள்ள
அப்பா

பி.கு.: சைதாப்பேட்டை அத்தை மகன் மோகன் பழைய பைக் தேடிக்கொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தவன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். பெங்களூர், ஆர்.எக்ஸ். 100, டி.என். 22 நம்பர். நம்பரைப் பார்த்ததும், இது வேண்டாம், இன்ஜின் சரியில்லை என்று அவனிடம் சொல்லிவிட்டேன். உன் முதல் சம்பளத்தில் வாங்கியது. 1996-க்குப் பிறகு அந்த வண்டி வருவதில்லை, இன்னொன்று கிடைக்காது. அறுபத்தைந்தாயிரம் என்று போட்டிருக்கிறாய், ரொம்பக் குறைவு. அந்த விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன், பேரமில்லை. டெபாசிட்டை உடைத்தால் வட்டிதான் கொஞ்சம் போகும், திங்கட்கிழமை பணம் போட்டுவிடுகிறேன். வண்டி அங்கேயே நிற்கட்டும். ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்ற வேண்டாம்.