முதல் பக்கத்தில் 5 இலட்சம், பதினோராம் பக்கத்தில் மிச்சக் கதை

ஆசிரியர் அவர்கட்கு,

மருத்துவக் காப்புறுதி வளர்கிறது என்று உங்கள் ஞாயிறு வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். காப்புறுதிக்காக மக்கள் செலுத்தி, கம்பனிகளுக்கு வந்த கட்டுப்பணத்தை எழுதியவர், அதில் நோயாளிகளுக்குத் திரும்பிப் போனது எவ்வளவு என்பதை விட்டுவிட்டார். எனக்குத் தெரியவேண்டியது அதுதான்.

புறக்கோட்டையில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன் நான். ஆனால் 2018இல் எடுத்த சொந்தப் பொலிசியை ஒழுங்காக வாசிக்கவில்லை. வெட்கம்தான், என்ன செய்ய? முதல் பக்கத்தில் 5 இலட்சம் என்று போட்டிருந்தது. போன வருடம் மனைவிக்குப் பித்தப்பைக் கல் எடுக்க ஒரு தனியார் வைத்தியசாலையில் மூன்று நாள் இருந்தோம். பில் 4 இலட்சத்துக்குச் சற்றுக் கூட. கைக்கு வந்தது 1 இலட்சத்து 90 ஆயிரம். அறைக்கு ஓர் எல்லை, சத்திரசிகிச்சை நிபுணருக்கு ஓர் எல்லை, இரத்தப் பரிசோதனைக்கு இன்னொன்று. கையுறை, பஞ்சு மாதிரிச் சாமான்களுக்கு ஒரு சதமும் இல்லை. எல்லாம் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். முகவர் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தபடி நல்ல தமிழில்தான் விளக்கினார். தந்துவிட்டுப் போன தாள் முழுக்க ஆங்கிலம்.

அந்த எல்லைகள் 2018 விலைவாசிக்குப் போட்டவை. 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர், அந்த வருட நடுவிலேயே 360 ரூபாயளவுக்குப் போய்விட்டது. மருந்தும் கருவிகளும் பெரும்பாலும் இறக்குமதி, வைத்தியசாலைப் பில் ஏறாமல் இருக்குமா? என் கட்டுப்பணமும் ஏறியது. அறைக்கான எல்லை மட்டும் அசையவில்லை.

தேசிய வைத்தியசாலைக்கே போயிருக்கலாமே, காசும் கேட்கமாட்டார்களே என்றாள் தங்கை. போயிருக்கலாம். மனைவியின் வலி முறை வரும்வரை காத்திருக்கவில்லை. அரசாங்க வைத்தியசாலையில் தங்கினால் நாளுக்கு ஒரு தொகை தருவதாகவும் என் பொலிசியில் இருக்கிறது. அதையும் பிறகுதான் கண்டேன்.

அரச ஊழியருக்கு அக்ரஹார என்ற மருத்துவக் காப்புறுதித் திட்டம் இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்குக் கம்பனி எடுத்துத் தந்த கூட்டுக் காப்புறுதி, ஓய்வுபெற்ற அன்றோடு சரி. அறுபது வயதில் புதிதாக ஒன்று எடுக்கப் போனால் சீனி வருத்தம், பிரஷர் எல்லாவற்றையும் முதலிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எதற்குத்தான் காசு தருவார்களோ தெரியாது.

5 இலட்சம் என்று போடும் அதே பக்கத்தில் இந்த எல்லைகளையும், வாடிக்கையாளர் கேட்கும் மொழியில், அச்சிடும்படி காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு கட்டாயப்படுத்த வேண்டும். உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை கட்டுப்பண வருமானத்தைப் போடும்போது, கொடுத்த இழப்பீட்டையும் பக்கத்தில் போடுங்கள். ஆணைக்குழுவின் ஆண்டறிக்கையில் இரண்டும் இருக்கின்றன.

ஓய்வுபெற்ற கணக்காளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.