என் மடிக்கணினியை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்பிற்குரிய விடுதி அக்காவுக்கும், மதுரைக் கல்லூரியின் மின்னணு ஆய்வகத்துப் பெரியவருக்கும், சென்னை ரிச்சி தெருப் பட்டறையின் அண்ணனுக்கும், அவரிடம் தொழில் பழகும் தங்கைக்கும் வணக்கம்.

பெயரை வெளியிட வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் குறிப்பிடாமலே எழுதுகிறேன். நேரில் சொன்ன நன்றியைப் பொதுவில் மறுபடி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. எதைச் சோதித்தாலும், அந்தச் சோதனை எதை உறுதி செய்தது, எதை இன்னும் உறுதி செய்யவில்லை என்பதை நீங்கள் எனக்கு விளக்கிவிட்டே அடுத்ததைத் தொட்டீர்கள். நான் பெற்ற உதவிகளிலேயே பெரியதாக அதைத்தான் கருதுகிறேன். அது என் ஒருத்தியோடு நின்றுவிடக் கூடாது.

சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் கண்மாய்களைப் பற்றிய என் ஆய்வுக்காக, மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்ப்பாய்ச்சிகளிடம் எடுத்த ஒலிப்பதிவுகளில் கடைசிப் பருவத்துக்குரியவை அந்த மடிக்கணினியில் இருந்தன. பேசியவர்களில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. ஒரு காலைப் பொழுதில் பொத்தானை அழுத்தியபோது விளக்கு எரிந்தது, விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது, உடனே எல்லாம் அணைந்துபோயின. எத்தனை முறை அழுத்தினாலும் அதே கதைதான். முதலில் கொண்டுபோன கடையில், மூடியைக் கழற்றாமலே, போர்டு (பாகங்கள் எல்லாம் பொருந்தியிருக்கும் மதர்போர்டு) போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அக்கா, அன்று மாலை நீங்கள் உங்கள் அடாப்டரை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தீர்கள். இரண்டுமே ஒரே நிறுவனத்தின் 19.5 வோல்ட், 65 வாட் அடாப்டர்கள். உங்களுடையதை என் கணினியில் செருகிப் பார்த்ததோடு நீங்கள் நிறுத்தவில்லை. என்னுடையதை உங்கள் கணினியில் செருகி, பேட்டரி குறைந்திருந்த நிலையில் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தீர்கள். மல்டிமீட்டரில் 19.5 வோல்ட் காட்டும் அடாப்டர்கூடச் சுமை ஏறியதும் தளர்ந்துவிடலாம் என்பதால், ஒரு கணினியை உண்மையில் ஓட்டிக் காட்டிய அடாப்டரைத்தான் நல்லது என்று சொல்ல முடியும் என்று விளக்கினீர்கள். கோளாறு அடாப்டரில் இல்லை என்பது அன்றே முடிவாயிற்று. இருட்டறையில் கைவிளக்கை திரையின் மீது சாய்த்துப் பிடித்து, மங்கலாகவாவது ஏதேனும் எழுத்து தெரிகிறதா என்றும் பார்த்தீர்கள். திரையின் பின்னொளி மட்டும் பழுதானால் கணினி உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், படமும் மங்கலாகத் தெரியும். என்னுடையதோ முழுவதுமாக அணைந்துவிடுகிறது, ஆகவே திரையைச் சந்தேகிக்க இடமில்லை என்றீர்கள். உங்கள் தேர்வுக்கு நடுவே எனக்காக ஒதுக்கிய மாலை அது.

ஐயா, உங்கள் ஆய்வகத்து மேசைக்கு நான் வந்தபோது நீங்கள் கேட்ட முதல் கேள்வி, உள்ளே இழக்கக் கூடாதது ஏதேனும் இருக்கிறதா என்பதுதான். இருக்கிறது என்றதும், கணினியைப் பிறகு பார்க்கலாம், முதலில் வட்டை வெளியே எடுப்போம் என்றீர்கள். பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்சமிருந்த மின்சாரத்தை வடியவிட்டு, உடலில் தேங்கிய நிலைமின்சாரம் போக நிலத்தோடு இணைந்த உலோகத்தைத் தொட்டுவிட்டு, அதன் பிறகே ஹார்ட் டிஸ்கைக் கழற்றினீர்கள். அதை யுஎஸ்பி பெட்டி ஒன்றில் பொருத்தி, காதருகே வைத்துக் கேட்டீர்கள். டக், டக் என்று வட்டை வாசிக்கும் தலை அடிக்கும் ஓசை இருந்திருந்தால் அந்த நொடியே மின்சாரத்தை நிறுத்தியிருப்பேன் என்று பின்னர் சொன்னீர்கள். ஓசை இல்லை. ஆனால் வட்டு தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் தகவலில் 197ஆம் வரிசையில், வாசிக்க இயலாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பகுதிகள் சில இருப்பது தெரிந்தது.

அந்த இடத்தில் நீங்கள் காட்டிய நிதானத்தை நான் என்றும் மறக்க மாட்டேன். வட்டு தளர்ந்துவருகிறது என்பது உண்மை, ஆனால் கணினி அணைவதற்கு அது காரணம் ஆகாது, ஏனெனில் வட்டைக் கழற்றிய பிறகும் கணினி அதே போலத்தான் அணைகிறது என்று இரண்டையும் பிரித்துக் காட்டினீர்கள். இயக்கத்தொகுதி (ஆப்பரேட்டிங் சிஸ்டம்) இல்லாத கணினி, வட்டைக் காணவில்லை என்ற அறிவிப்பையாவது திரையில் காட்டும். அது பொதுவாக இப்படி உடனே தானாக அணையாது. இந்த ஒரு வேறுபாட்டை அறியாமல் புது வட்டு வாங்கிப் பொருத்தி ஏமாந்தவர்கள் பலரைப் பார்த்திருப்பதாகச் சொன்னீர்கள்.

வட்டைச் சரிசெய்யும் கட்டளை எதையும் அதன் மீது ஓட்டக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தீர்கள். அத்தகைய கட்டளைகள் தளர்ந்த வட்டிலேயே எழுதி மாற்றம் செய்பவை. நமக்கு வேண்டியது வாசிப்பு மட்டுமே. யுஎஸ்பியிலிருந்து இயங்கும் லினக்ஸைத் தொடங்கி, ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ நிரலால் முழு வட்டையும் அதைவிடப் பெரிய வேறொரு வட்டுக்குப் படியெடுத்தீர்கள். எளிதில் வாசிக்கக் கூடிய பகுதிகளை எல்லாம் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டு, இடர்ப்படும் பகுதிகளைக் குறித்து வைத்து, பின்னர் அவற்றுக்கு மட்டும் திரும்பி வரும் அந்த நிரலின் முறையை எனக்கு வரைந்தே காட்டினீர்கள். இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கான குறிப்புக் கோப்பை முதலிலேயே பெயரிட்டு வைத்தீர்கள். இறுதிவரை வாசிக்க முடியாமல் எஞ்சிய சிறு பகுதிகள் இயக்கத்தொகுதியின் கோப்புகளிலேயே விழுந்திருந்தன. ஒலிப்பதிவுகள் ஒன்றும் குறையாமல் கிடைத்தன. கண்மாய்க் கரையில் எடுத்த ஒரு பதிவை நீங்கள் ஒலிக்கவிட்டு, கலுங்கில் தண்ணீர் விழும் ஓசையைக் கேட்டுத் தலையசைத்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அதற்குப் பிறகு கணினியைப் பார்த்தீர்கள். வைஃபை அட்டை, வட்டு, விசைப்பலகையின் பட்டைக் கம்பி என ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தினீர்கள். ரேம் பட்டைகளின் தங்க முனைகளைத் துடைத்து, ஒன்றை மட்டும் ஒரு துளையிலும் பின்னர் அடுத்ததிலும் வைத்துப் பார்த்தீர்கள். இறுதியில் இரண்டையும் எடுத்துவிட்டே அழுத்தினீர்கள். ரேம் இல்லாத கணினி பொதுவாக ஓசையெழுப்பியோ விளக்கை மின்னவைத்தோ குறை சொல்லும். இது அதையும் செய்யாமல் அணைந்தது. அப்போதுதான் கோளாறு போர்டில் இருக்கிறது என்றீர்கள். முதற்கடை சொன்னதும் அதே வாக்கியம்தான் என்றாலும், நீங்கள் சொன்னபோது அதற்குப் பின்னால் ஆதாரம் இருந்தது; கூடவே, போர்டில் கோளாறு இருப்பது வேறு, போர்டே வீணாகிவிட்டது என்பது வேறு என்றும் சொன்னீர்கள். உங்களிடம் அதற்குமேல் பார்க்கும் கருவிகள் இல்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லி, ரிச்சி தெருவின் முகவரியையும் எழுதித் தந்தீர்கள்.

அண்ணா, அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் அந்தச் சந்துகளில் எத்தனையோ கடைகள் இருக்க, உங்கள் மாடிப் பட்டறையில் ஒரு மணி நேரத்துக்குள் நான் அறிந்துகொண்டவை ஏராளம். போர்டைத் தனியே எடுத்து, அளவு காட்டும் மேசை மின்வழங்கியோடு இணைத்தீர்கள். பொத்தானை அழுத்தும் முன் ஓடிய மின்னோட்டம் மிகச் சிறியது, இயல்பானது, போர்டின் பாகங்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் 3.3 வோல்ட், 5 வோல்ட் தடங்கள் இரண்டும் சரியாக இருந்தன. அழுத்தியதும் மின்னோட்டம் எழும்பி, ஒரு நொடிக்குள் விழுந்தது. ஏதோ ஒரு தடத்தில் ஷார்ட் இருப்பதால் பாதுகாப்புச் சுற்று தானே அணைத்துவிடுகிறது, அந்தப் பாதுகாப்பு இருந்ததால்தான் மற்ற பாகங்கள் பிழைத்திருக்கின்றன என்று எனக்கு விளக்கம் தந்தீர்கள்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மின்தடங்களில் இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) ஒவ்வொன்றுக்கும் தரைத் தடத்துக்கும் இடையிலான மின்தடையை அளந்தீர்கள். செயலியின் காயில்களில் சில ஓம், சில வேளை அதற்கும் குறைவாகக் காட்டுவது இயல்பே என்றும், அதைக் கண்டு செயலி ஷார்ட் ஆகிவிட்டது என்று தவறாக முடிவுகட்டிக் குப்பையில் போட்ட போர்டுகள் உண்டு என்றும் தங்கையிடம் சொல்லிக்கொண்டே அளந்தீர்கள். டிடிஆர்4 ரேமுக்கு 1.2 வோல்ட் வழங்கும் காயிலில் மின்தடை ஏறத்தாழ சுழியம். அங்கேதான் குற்றம் இருந்தது.

ஆனால் அந்தத் தடத்தில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர்கள் வரிசையாக இருக்கின்றன, அதே தடம் செயலிக்கும் போகிறது. செயலிக்குள் ஷார்ட் என்றால் உண்மையிலேயே கைவிட வேண்டியதுதான் என்பதை என்னிடம் நீங்கள் மறைக்கவில்லை. 1.2 வோல்ட்டைத் தாண்டாதபடி 1 வோல்ட்டை மட்டும் அந்தத் தடத்தில் செலுத்தி, மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தினீர்கள். தங்கை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் அந்தப் பகுதி முழுவதும் தடவினார். எங்கே முதலில் உலர்கிறதோ அங்கே சூடு. செயலியின் மேல் ஈரம் அப்படியே இருந்தது. ரேம் துளையின் ஓரத்தில், எள்ளைவிடச் சற்றே பெரிய ஒரு பழுப்பு நிறக் கெபாசிட்டரின் மேல் மட்டும் ஈரம் சட்டென்று மறைந்தது. தங்கை, நுண்ணோக்கியில் அதன் விரிசலைக் கண்டு நீங்கள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் இருந்த மகிழ்ச்சி என்னுடையதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

ரேம் துளையின் பிளாஸ்டிக் உருகாதிருக்க வெப்பம் தாங்கும் நாடாவை ஒட்டி, சூடான காற்றால் அதை எடுத்தது தங்கைதான். எடுத்ததும் மின்தடை இயல்புக்குத் திரும்பியது. அந்த ஒன்று இல்லாமலும் கணினி ஓடக்கூடும் என்றபோதும், விட்டுவிடாமல் பழைய போர்டு ஒன்றிலிருந்து அதே அளவும் மதிப்பும் உள்ளதை எடுத்துப் பொருத்தினீர்கள். ஏன் விரிசல் விட்டது என்று கேட்டதற்கு, பீங்கான் கெபாசிட்டர்கள் போர்டு வளைவதால் விரிசல் காண்பது வழக்கம், ஆனால் இந்த ஒன்று ஏன் விட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று பதில் சொன்னீர்கள், அண்ணா. அந்தப் பதிலுக்காகவே உங்கள் மீது என் மதிப்பு இன்னும் உயர்ந்தது.

எல்லாவற்றையும் பொருத்திப் பொத்தானை அழுத்தியபோது, விசிறி ஓடியும் திரை சிறிது நேரம் கறுப்பாகவே இருந்தது. நான் பதறுவதைக் கண்டு, போர்டில் இருக்கும் காசு வடிவச் சிறு பேட்டரியைக் கழற்றி மாட்டியதால் கணினி ரேமை முதலிலிருந்து பழகிக்கொள்கிறது, அணைத்துவிடாதீர்கள் என்று கையமர்த்தினீர்கள். திரை ஒளிர்ந்த பிறகும் கணினியை உடனே என் கையில் தரவில்லை. இரவு முழுவதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரல் ஓடி, ஒரு பிழையும் காட்டாத பிறகுதான் மறுநாள் தந்தீர்கள். ஒரு போர்டின் விலையைச் சொல்லி வாங்கியிருக்கக் கூடிய இடத்தில், வேலைக்குரிய நியாயமான கூலியை மட்டும் பெற்றுக்கொண்டீர்கள்.

நான் நேரில் காணாத சிலருக்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும். டிடிரெஸ்க்யூவை எழுதிய அந்தோனியோ தியாஸ் தியாஸ், மெம்டெஸ்ட்86+ நிரலைப் பேணி வருபவர்கள், இவற்றை எவரும் விலையின்றிப் பயன்படுத்தும்படி தந்திருப்பதால்தான் ஒரு கல்லூரி ஆய்வக மேசையிலும் ஒரு மாடிப் பட்டறையிலும் என் வேலை நடந்தது.

கணினியில் இப்போது புதிய எஸ்எஸ்டி இருக்கிறது. ஒலிப்பதிவுகள் இரண்டு தனித்தனி வட்டுகளிலும், ஐயாவின் ஆலோசனைப்படி வேறு ஊரில் இருக்கும் என் அண்ணன் வீட்டிலும் உள்ளன. பழைய வட்டை யுஎஸ்பி பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். அந்தப் பெட்டியும் ஒரு மல்டிமீட்டரும் விடுதியில் என் அறையில் இருக்கின்றன, யாருடைய கணினி இயங்காமல் போனாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம். அக்கா, உங்கள் தேர்வு முடிவு வந்ததும் சொல்லுங்கள். ஐயா, அந்தக் கலுங்குப் பதிவின் படியை நீங்கள் கேட்டபடி அடுத்த வாரம் கொண்டுவந்து தருகிறேன்.

என்றும் நன்றியுடன்,
ஓர் ஆய்வு மாணவி, மதுரை