உதகை அசெம்பிளி ரூம்ஸ் அரங்கின் வரலாற்றைத் தமிழில் எழுதி வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
காந்தல் பகுதிவாசி,
உதகமண்டலம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: அசெம்பிளி ரூம்ஸ் வரலாற்றுப் பலகை, உள்ளூர் கலைஞர்களுக்கு மேடை – வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். போன மே மாத சீசனில் கார்டன் ரோட்டில் நடந்து போகும்போது என் மகள், "தியேட்டருக்கு ஏம்ப்பா அசெம்பிளின்னு பேரு?" என்று கேட்டாள். பிறந்து வளர்ந்த ஊர், எனக்கே சொல்லத் தெரியவில்லை. அதன்பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் இந்த மனுவை எழுதுகிறேன்.

கோடை வந்தால் மதராஸ் அரசாங்கமே மலையேறி வந்து தங்கிய காலத்தில், வெள்ளைக்காரர்கள் நாடகம் போடவும் நடனமாடவும் கூடிய மண்டபம் அது. உதகைக்கு ரயில் வந்தது 1908-இல். அதற்கு முன்பே இந்த அரங்கு இருந்தது. 1919 முதல் 1924 வரை மதராஸ் கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் மனைவி பின்னர் இதை விலைக்கு வாங்கி, நீலகிரி மக்களுக்கென்று அறக்கட்டளையாக விட்டுச்சென்றார். (குன்னூர் பக்கத்து வெலிங்டனோடு இந்தப் பெயரைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அந்த ஊருக்குப் பெயர் தந்தவர் வேறொரு பிரபு.) ஊராருக்கென்று விடப்பட்ட ஒரு தியேட்டர்! அது எவ்வளவு பெரிய விஷயம்.

என் அப்பா மார்க்கெட்டில் கேரட் மூட்டை தூக்கியவர். மழை நாளில் வேலை முடிந்து, தோளில் சாக்கின் ஈரம் காயாமலே என்னை அங்கே படத்துக்குக் கூட்டிப்போவார். நனைந்த ஸ்வெட்டரின் கம்பளி வாடையும், இடைவேளையில் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்த டீ கிளாஸின் சூடும் இன்னும் மறக்கவில்லை. அந்த இடம் தனக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது என்று தெரியாமலே அவர் காலமாகிவிட்டார்.

ஆகவே, அரங்கின் கதையைத் தமிழில் விரிவாக எழுதி, போகிற வருகிறவர்கள் நின்று படிக்கும்படி வாசலில் பலகை வைக்க வேண்டுகிறேன். அறக்கட்டளைப் பத்திரம், பழைய நாடக நோட்டீஸ், புகைப்படங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடச் செய்யுங்கள். பழைய குடும்பங்களின் பெட்டிகளிலும் சில கிடைக்கக்கூடும். அங்கே ஆபரேட்டராகவும் கவுண்டரிலும் வேலை பார்த்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் பேச்சைப் பதிவு செய்வது மிக அவசரம்.

மேலும், நாடகத்துக்கென்று கட்டிய இடம் என்பதால், மாதத்தில் ஒரு நாளாவது அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் நாடகத்துக்கும், படுகர், தோடர், கோத்தர் பாட்டு, ஆட்டங்களுக்கும் வாடகையின்றி அரங்கைத் தர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காந்தல் பகுதிவாசி