பவானியின் பம்பு

சுங்கை சிப்புட்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. தீபாவளிக்கு முன்பே பதில் எழுதியிருக்க வேண்டும், தவறு என்னுடையதுதான். நீ கோபித்துக்கொள்ளலாம், ஆனால் இதை முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள். அண்ணனின் முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லாரும் சுகம். பெரியாயாவுக்குக் காது அடைத்துவிட்டது. ஆனாலும் கிராணியின் குடை என்ற நம் பழைய வேடிக்கையை யாராவது முணுமுணுத்தால் உடனே சிரிக்கிறாள்.

நல்ல செய்தி முதலில். பவானி முழுகாமல் இருக்கிறாள். இப்போது பத்து வாரம். ஐந்து வருடக் காத்திருப்பு உனக்குத் தெரியும். ஈப்போவுக்கும் பினாங்குக்கும் அலைந்த அலைச்சல், கல்லுமலைக் கோயிலில் வைத்த வேண்டுதல், அண்ணி அழுத அழுகை, எல்லாம் தெரியும். மூன்று வாரத்துக்கு முன் வேலை முடிந்த கையோடு லட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து காலில் விழுந்தாள். தூக்கி நிறுத்தியபோது அவள் சட்டையிலிருந்து ஒரு வாடை வந்தது. நீயும் நானும் சாகும்வரை மறக்க முடியாத வாடை. "இன்றைக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். "மருந்தடிப்பு, அத்தை" என்றாள்.

செம்பனை நாற்றங்காலில் இருக்கிறாள். பைகளில் மண் நிரப்புவது, புல் பிடுங்குவது, வாரத்தில் இரண்டு நாள் தோளில் பம்பு. என்ன மருந்து என்று கேட்டேன். பூச்சி மருந்து என்பதற்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை. மேற்பார்வை பார்க்கும் மண்டோர் கலந்து ஊற்றுகிறார், இவர்கள் அடிக்கிறார்கள். நம் அம்மாக்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்ததோ அவ்வளவுதான் இவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஐம்பது வருடம், சரசு!

அன்றிரவே ஈப்போவில் செல்வியை அழைத்தேன். மருந்தகத்தில் வேலை செய்பவளாயிற்றே. அவள் அனுப்பியதையெல்லாம் மூன்று வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. அது உன்னிடம்தான் முடியும்.

நம் காலத்தில் விஷம் கண்ணுக்குத் தெரிந்தது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி பட்டு நகம் கழன்ற விரல்களை லயத்திலேயே பார்த்தோம். மலேசியாவில் அதை 2002இல் தடை செய்வதாக அறிவித்தார்கள், 2006இல் தடையைத் தளர்த்தினார்கள், 2020 ஜனவரியில்தான் ஒரேயடியாக நிறுத்தினார்கள். நான் இப்போது படிப்பது வேறு வகை. தாய்க்கு ஒரு தலைவலிகூட வராமல் போகலாம். உடம்பின் ஹார்மோனைப் போல நடித்தோ, அதன் வழியை அடைத்தோ, அது செய்யும் வேலையைக் குழப்பிவிடுகிற இரசாயனங்கள். ஹார்மோன் வேலை செய்வதே நூறு கோடியில் ஒரு பங்கு என்ற மாதிரியான அளவில்தான். அதைக் கெடுக்கவும் சிறிய அளவே போதும்.

என்னை உலுக்கியது தைராய்டு பற்றிய பகுதி. கருவின் மூளை உருவாக அந்த ஹார்மோன் வேண்டும். முதல் மூன்று மாதம் பிள்ளையின் சொந்தச் சுரப்பி அதைச் சுரப்பதில்லை, தாயிடமிருந்து வருவதை நம்பியே இருக்கிறது. நாள் தள்ளியிருக்கிறதா என்று அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போதே உள்ளே மூளைக்கு அடித்தளம் போட்டாகிறது. கிளினிக்கில் பெயர் பதியும்போது அந்த மூன்று மாதத்தில் பாதி போயிருக்கும்.

1979இல் தைவானில் தவிட்டு எண்ணெயில் பிசிபி என்ற இரசாயனம் கலந்துவிட்டது. சுமார் இரண்டாயிரம் பேர் பாதிக்கப்பட்டார்கள். அந்த எண்ணெயை நிறுத்திப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்த பிள்ளைகளும் வளர்ச்சியில் பின்தங்கினார்கள், ஏனென்றால் அது தாயின் உடம்பை விட்டுப் போகவில்லை. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்தது நம் கதையேதான். கலிபோர்னியாவில் சாலினாஸ் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம், முழுக்கக் காய்கறி வயல். அங்கே 1999இலும் 2000இலும் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 601 கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டு, பிள்ளைகள் வளர வளரக் கவனித்து வந்தார்கள். பெரும்பாலும் மெக்சிக்கோவிலிருந்து வந்த கூலிக் குடும்பங்கள். ஆய்வின் பெயர் சமாகோஸ். மெக்சிக்கோ மக்களின் பேச்சில் சின்னப் பிள்ளைகள் என்று பொருளாம். கர்ப்பத்தின்போது உடம்பில் ஆர்கனோபாஸ்பேட் பூச்சி மருந்தின் தடயம் மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்குத் தாய்மாரின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்தவர்களின் பிள்ளைகளைவிட ஏழு வயதில் அறிவுத்திறன் தேர்வில் சராசரியாக 7 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். பிறந்த பிறகு பிள்ளை மேல் பட்ட மருந்துக்கு இப்படிச் சீரான தொடர்பு தெரியவில்லை. வயிற்றில் இருந்த காலம்தான். அந்த வகை மருந்துகளில் ஒன்றான குளோர்பைரிபாஸ் எலிகளின் தைராய்டையும் பாதிப்பதாக ஆய்வுகள் இருக்கின்றன. நம் நாட்டில் அதை 2023 மே மாதம் முதல்தான் தடை செய்தார்கள்.

நான் முப்பது வருடம் பாலர் பள்ளியில் இருந்தவள். நான்கு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேச வராத பிள்ளைகள், ஒரு நிமிடம் உட்கார முடியாத பிள்ளைகள் எத்தனை பேர்! "வீட்டில் பேச்சுக் கொடுத்தால்தானே" என்று அந்தத் தாய்களை வாசலில் நிற்க வைத்துக் கேட்டிருக்கிறேன். அவர்களில் பாதிப்பேர் காலையில் பம்பு தூக்கியவர்கள். எந்தப் பிள்ளையையும் காட்டி இதற்கு மருந்துதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பசி, கள்ளுக்கடை, வீட்டுச் சண்டை என்று நூறு இருந்தன. ஆனால் தாயைக் குற்றவாளியாக நிறுத்தினேனே, அது என்னை அறுக்கிறது. மருந்து டின்னைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்த வீடுகள் நம்முடையவை. அந்த நனைந்த சட்டையோடுதான் நம் அம்மாக்கள் நம்மைத் தூக்கினார்கள்.

உன் சமையலறை மேல் தட்டில் அடுக்கியிருக்கும் ஐஸ்கிரீம் டப்பாக்களையும் விட மாட்டேன், கேட்டுக்கொள். சூடான குழம்பை அதில் ஊற்றாதே. சூடும் எண்ணெயும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கில் உள்ளது உணவில் கூடுதலாக இறங்கும். அண்ணனுக்குப் பையில் கட்டிவரும் தேத்தண்ணீரும் வேண்டாம், தூக்குச்சட்டியைக் கொடுத்து அனுப்பு. 2012 மார்ச் முதல் குழந்தைப் பால் போத்தலில் பிஸ்பீனால் ஏ என்ற பிளாஸ்டிக் இரசாயனம் கூடாது என்று நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் பிள்ளை போத்தலைப் பிடிப்பதற்கு முன்பு ஒன்பது மாதம் ஓரிடத்தில் இருக்கிறதே!

பவானியை அதிகம் பயமுறுத்தவில்லை. தைராய்டுக்காக அயோடின் உப்பு வாங்கிக் கொடுத்தேன், வேலைச் சட்டையைத் தனியாகத் துவைக்கச் சொன்னேன், பிறகு அவளோடு தோட்ட அலுவலகத்துக்குப் போனேன். முகமூடி கொடுத்திருக்கிறோமே என்றார்கள். ஒரு மணி நேரம் நின்று பேசினேன். கடைசியில் பம்பு வேண்டாம், புல் மட்டும் பிடுங்கட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். முதல் நாள் மருந்தடித்த வரிசையில் மறுநாள் புல் பிடுங்குகிறாள். மருந்தடிப்புக்குக் கிடைத்த கூடுதல் கூலியும் போயிற்று.

இதைவிட வேறொன்று என்னைத் தூங்க விடவில்லை. பவானியின் பம்பு இப்போது ஓர் இந்தோனேசியப் பெண்ணின் தோளில் இருக்கிறது. கல்யாணமாகி ஆறு மாதமாம், இருபத்திரண்டு வயதிருக்கலாம். பவானியைக் காப்பாற்றுகிறேன் என்று போய் அதை அவள் மேல் தூக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வெளிநாட்டுத் தொழிலாளிக்கு மருத்துவச் சோதனையில் கர்ப்பம் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். அவள் கருவுற்றால் வாயே திறக்க மாட்டாள். எந்த வாரங்களில் மருந்து படவே கூடாதோ, அந்த வாரங்களில்தான் மறைத்துக்கொண்டு பம்பு தூக்குவாள்.

அதனால் அண்ணனிடம் ஓர் உதவி கேள். தொழிற்சங்கத்தில் இருந்தவர், மலாயில் மனு எழுதினால் யாரும் ஒதுக்கி வைக்க முடியாதபடி எழுதுவார். பிள்ளை பெறும் வயதில் இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் மருந்தடிப்பு வேலை கூடாது, அதற்காகச் சம்பளமும் குறையக் கூடாது, மருந்தடித்த வரிசையில் லேபிளில் சொன்ன நாள் கழியும்வரை யாரையும் இறக்கக் கூடாது, மருந்தின் பெயரைத் தமிழிலும் மலாயிலும் இந்தோனேசியப் பெண்களுக்குப் புரியும்படியும் ஸ்டோர் வாசலில் எழுதி வைக்க வேண்டும். எல்லாப் பெண்களுக்கும் சேர்த்து. பவானியின் பெயர் வேண்டாம். ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த காலி டின்களில் இருந்த பெயர்களை எழுத்துக்கூட்டி எழுதி இதோடு வைத்திருக்கிறேன். செல்வி சரிபார்த்துவிட்டாள்.

வியாழக்கிழமை பவானியைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகிறேன். அதற்கு முன் மனு வந்தால் அங்குள்ள தாதியிடமும் காட்டுவேன்.

அன்புடன்,
பாக்கியம்