நான்காவது இருக்கை: குடியிருப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஒரு மாதம் மட்டும் வருகை போதாமல் ஒத்திவைத்தோம். தெருவிளக்குப் புகார்கள் பெரும்பாலும் தீர்ந்தன. வடிகால் தூர்வாரும் வேலை பாதியில் நிற்கிறது. பூங்காச் சுவருக்காக எழுதிய கடிதங்களுக்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மூன்று முறை பதில் வந்தது, மூன்றிலும் அதே எழுத்துப்பிழையோடு. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். மீதி நேரம் முழுவதும் நம் பகுதித் தீயணைப்பு நிலையத்துக்குக் கூடுதல் ஆள் கேட்பதிலேயே போனது. அதனால் இந்த அறிக்கையும் அதைப் பற்றித்தான்.

இந்த வேலையை நாம் ஏன் கையில் எடுத்தோம் என்று புதிய உறுப்பினர்கள் கேட்கிறார்கள். மூன்றாவது தெருவில் நடந்த தீ விபத்தைப் பலர் பார்த்தீர்கள். நள்ளிரவில், சார்ஜில் போட்டிருந்த ஒரு மின்கலம் வெடித்து மாடி அறை பற்றிக்கொண்டது. வீட்டிலிருந்தவர்கள் நேரத்தோடு வெளியே வந்துவிட்டார்கள். வண்டியும் சீக்கிரமே வந்தது. அதிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவர் பம்பிடம் போனார். ஒருவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து வயர்லெஸ்ஸில் பேசினார். மூன்றாமவர் முகமூடியும் காற்று உருளையும் மாட்டிக்கொண்டு, குழாயோடு வாசலில் நின்றார். உள்ளே மட்டும் யாரும் போகவில்லை. ஜன்னல் வழியே தண்ணீர் அடித்துக்கொண்டு அடுத்த வண்டிக்காகக் காத்திருந்தார்கள். தெருவே கத்தியது. நானும் கத்தினேன், கொஞ்சம் மோசமான வார்த்தையிலேயே.

இரண்டாவது வண்டி வந்த பிறகுதான் இருவர் ஜோடியாக உள்ளே போனார்கள். அதற்குள் ஒரு அறைத் தீ மாடி முழுவதும் பரவியிருந்தது.

மறுநாள் நிலையத்துக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன், பாதி சண்டை போடும் எண்ணமும் இருந்தது. நிலைய அதிகாரி கோபப்படவில்லை. வண்டியின் பின்கதவைத் திறந்து காட்டினார். நான்கு இருக்கைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் காற்று உருளையை மாட்டிவைக்க ஒரு கொக்கி. மூன்றில் உருளை இருந்தது. நான்காவது இருக்கையில் ஒரு மழைக்கோட்டும், சுருட்டிய கயிறும், பழைய தலைக்கவசம் ஒன்றும் குவிந்து கிடந்தன. “இந்த சீட்டுக்கு ஆள் வந்து ரொம்ப நாளாச்சு சார்” என்றார். எனக்கு அதற்குமேல் சண்டை போட வாய் வரவில்லை.

விதி இதுதான். புகையும் வெப்பமும் நிறைந்த இடத்துக்குள் இருவர் சேர்ந்துதான் போக வேண்டும். அவர்களுக்கு ஏதாவது ஆனால் மீட்பதற்கு வெளியே இருவர் தயாராக நிற்க வேண்டும். அமெரிக்காவில் 1998 முதல் இது தொழிலாளர் பாதுகாப்பு விதியாகவே இருக்கிறது. நம் நிலையத்திலும் அப்படித்தான் செய்கிறார்கள். உள்ளே ஆள் சிக்கியிருப்பது தெரிந்தால் மட்டும் இதை மீறலாம். அன்று யாரும் உள்ளே இல்லை. மூன்று பேர் வந்தால் இருவர் உள்ளே, ஒருவர் வெளியே. கணக்கு ஒன்று குறைகிறது. அந்த மூன்று பேரும் பயந்து நிற்கவில்லை. அவர்களை அப்படி நிற்க வைத்தது காலியாகக் கிடந்த அந்த இருக்கைதான்.

சங்கத்தின் கடிதத்துக்கு மாநகராட்சி தந்த முதல் பதில், “உங்கள் பகுதியில் வண்டி வந்துசேரும் நேரம் தரத்துக்கு உட்பட்டே இருக்கிறது” என்பது. அது பொய்யில்லை. அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கம் 2001இல் முதன்முதலாக வெளியிட்ட 1710 என்ற தரநிலையைப் பல ஊர்களில் எடுத்துக்காட்டுகிறார்கள். தீ அழைப்பு வந்தால் 80 விநாடிக்குள் கிளம்ப வேண்டும்; முதல் வண்டி 4 நிமிடப் பயணத்தில் வந்துவிட வேண்டும்; நூற்றுக்குத் தொண்ணூறு அழைப்புகளிலாவது இது நடக்க வேண்டும். நம் வண்டி வந்துவிடுகிறது. ஆனால் சக்கரம் நின்றதும் அந்தக் கடிகாரமும் நின்றுவிடுகிறது. வாசலில் காத்திருந்த நிமிடங்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அதே தரநிலையில், வண்டியில் குறைந்தது நான்கு பேர் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. அந்த வரியை அவர்கள் தங்கள் பதிலில் குறிப்பிடவில்லை. இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து மாமன்றத்துக்குக் கொண்டுபோனோம். இந்த ஆண்டு நாம் செய்த வேலைகளில் உருப்படியானது எது என்றால் அந்த ஒற்றைத் தாளைத்தான் சொல்வேன்.

கூடவே ஒரு ஆய்வையும் சொன்னோம். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2010இல் வெளியிட்டது. ஒரு சாதாரண இரண்டு மாடி வீட்டில் தீயணைக்கவும் ஆளை மீட்கவும் செய்ய வேண்டிய 22 வேலைகளை, வண்டிக்கு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து பேர் என்று மாற்றி மாற்றிச் செய்யவைத்து நேரம் பார்த்தார்கள். நால்வர் குழு, மூவர் குழுவைவிட 25 சதவீதம் வேகமாக எல்லா வேலையையும் முடித்தது. ஒரு ஆள் கூடினால் வேலை கொஞ்சம் சீக்கிரம் முடியும் என்பது யாருக்கும் தெரியும். நால்வரில் ஒருவர் குறைந்ததும் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கத் தொடங்குகின்றன என்பதை இந்த ஆய்வைப் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன். ஏணி போடுபவரே குழாயும் இழுக்க வேண்டும் என்றால் வேறென்ன நடக்கும்.

குழாய் என்றதும் ஞாபகம் வருகிறது. நிலையத்தைப் பார்க்க உறுப்பினர்கள் போன அன்று, தண்ணீர் ஏறிய குழாயைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார்கள். 63 மில்லிமீட்டர் குழாய், 15 மீட்டர் நீளம். உள்ளே நிற்கும் தண்ணீர் மட்டுமே 45 லிட்டருக்கு மேல், அதாவது 45 கிலோவுக்கு மேல். நம் இளைஞரணியில் இருவர் சேர்ந்து இழுத்து, படிக்கட்டு வளைவில் மாட்டிக்கொண்டார்கள். அங்கே தீயும் இல்லை, புகையும் இல்லை, முதுகில் உருளையும் இல்லை.

அப்புறம் நம் சங்கத்துக்குள்ளேயே எழுந்த எதிர்ப்பு. இதை மறைக்க விரும்பவில்லை. பொருளாளர் நேரடியாகவே கேட்டார்: தீ விபத்துகள் குறைந்துகொண்டுதானே வருகின்றன, பிறகு எதற்கு ஆள்? அவர் சொல்வதில் பாதி சரி. அமெரிக்காவில் 1980இல் தீயணைப்புத் துறைகள் போய் அணைத்த தீக்கள் ஏறக்குறைய 30 லட்சம். இப்போது அதில் பாதி அளவுதான். புகை எச்சரிக்கைக் கருவிக்கும் கட்டட விதிகளுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் அங்கே இன்று வரும் அழைப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு மருத்துவ அவசரமும் மீட்புப் பணியும்தான். வண்டி சும்மா நிற்பதில்லை. தீக்களின் எண்ணிக்கை குறைந்தாலும், பிடிக்கிற தீ முன்னைவிட வேகமாகப் பரவுகிறது. அமெரிக்காவில் பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம் இரண்டு அறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொளுத்திப் பார்த்தது. மரமும் பருத்தியுமாகப் பழைய சாமான்கள் இருந்த அறை முழுவதுமாகத் தீப்பிடிக்க அரை மணி நேரத்தை நெருங்கியது. நுரை மெத்தையும் செயற்கை நூல் துணியும் இருந்த அறைக்கு 4 நிமிடம்கூட ஆகவில்லை. பொருளாளர் அந்தப் படக்காட்சியை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு, “சரி, ஆனால் சம்பளம் யார் கொடுப்பது?” என்றார். அதுதான் சரியான கேள்வி.

இங்கே என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டுத் தீர்மானத்தில், “வண்டிக்குக் கூடுதலாக ஒரு வீரரை நியமிக்க வேண்டும்” என்று நான்தான் எழுதினேன். மாநகராட்சி நிதிப் பிரிவில் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்களாம். நம் மூத்த உறுப்பினர், தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐயா, ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு இருக்கை இரவும் பகலும் நிரம்பியிருக்க வேண்டும் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவருக்கு வாரம் 42 மணி நேர வேலை என்றால் நான்கு பேர் தேவை. இதில் விடுப்பு, உடல்நலக் குறைவு, பயிற்சி எதுவும் சேரவில்லை. சேர்த்தால் நான்கும் போதாது. 24 மணி நேரம் வேலை, 48 மணி நேரம் ஓய்வு என்ற மூன்று அணி முறையில் வாரத்துக்குச் சராசரி 56 மணி நேரம். அப்போதும் மூன்று பேர், விடுப்புக்கு மேலும் ஒருவர். ஆக, ஒரு இருக்கை என்றால் ஏறத்தாழ நான்கு சம்பளம். நான் கேட்டது ஒரு ஆள். அந்த ஒருவர் வந்திருந்தால் வாரத்தில் நான்கில் ஒரு பங்கு நேரம் மட்டும் இருக்கை நிரம்பியிருக்கும். தீ அந்த நேரம் பார்த்து வர வேண்டும்.

மிகைநேரப் படி கொடுத்து இருப்பவர்களையே வைத்துச் சமாளிக்கலாம் என்ற யோசனையும் மன்றத்தில் வந்தது. புதிய ஆளை எடுத்தால் ஓய்வூதியம், காப்பீடு எல்லாம் சேரும். அதனால் காகிதத்தில் மிகைநேரம் மலிவாகத் தெரிவதும் உண்டு. ஐயா கூட்டத்தில் எழுந்து ஒன்றே ஒன்று கேட்டார்: 48 மணி நேரம் தொடர்ந்து வேலையில் இருந்தவர் விடியற்காலை மூன்று மணிக்கு உங்கள் வீட்டுப் படியேறி வந்தால் பரவாயில்லையா? பதில் சொல்ல யாரும் எழவில்லை.

பணத்தைப் பொறுத்தவரை இந்த ஆண்டு நான் கற்றது இது: வண்டி கிடைப்பது சுலபம், ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். வண்டி ஒருமுறைச் செலவு. ரிப்பன் வெட்டலாம், படம் எடுக்கலாம். ஊழியர் என்றால் ஆண்டுதோறும் வரும் செலவு; அதற்கு ரிப்பன் கிடையாது. நாம் ஆள் கேட்டு எழுதிக்கொண்டிருந்த மாதங்களில்தான் நம் நிலையத்துக்குப் புது வண்டி வந்தது. நல்ல வண்டி, குறை சொல்லவில்லை. அதிலும் நான்கு இருக்கைகள், மூன்று பேர்.

நிலைமை மோசமானால் ஆளைக் குறைப்பதும் சுலபம். 2010இல் சான் டியேகோ நகரம் பணத் தட்டுப்பாட்டில் சில வண்டிகளைச் சுழற்சி முறையில் நிறுத்திவைத்தது. லண்டனில் 2014 ஜனவரி 9ஆம் தேதி ஒரே நாளில் பத்து நிலையங்களை மூடினார்கள்; 1872 முதல் இயங்கிவந்த கிளெர்க்கன்வெல் நிலையமும் அதில் ஒன்று. நூற்றாண்டு கண்ட நிலையத்துக்கே அந்தக் கதி என்றால், நேற்று உருவான பணியிடம் எம்மாத்திரம்.

இதைச் சொல்வதற்குக் காரணம், நமக்குக் கிடைத்திருப்பது என்ன என்பதில் யாருக்கும் மயக்கம் இருக்கக் கூடாது. மாமன்றம் நான்கு புதிய பணியிடங்களுக்கு ஒப்புதல் தந்திருக்கிறது. நம் நிலையத்தில் ஒரு இருக்கை, ஏறத்தாழ. இரண்டாவது வண்டிக்கும் கேட்டிருந்தோம், அது கிடைக்கவில்லை. சம்பளத்தில் ஒரு பகுதி மேலிருந்து வரும் மானியம், அதுவும் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும்.

மூன்று ஆண்டு மானியத்தின் குணம் தெரிய வேண்டுமானால் அமெரிக்காவின் ‘சேஃபர்’ மானியத்தைப் பார்க்கலாம். தீயணைப்பு ஆள்பலத்துக்கென்றே 2003இல் சட்டம் போட்டு உருவாக்கியது. சட்டப்படி முதல் இரண்டு ஆண்டுகளில் செலவில் 75 சதவீதம் வரை மத்திய அரசு தரும். மூன்றாம் ஆண்டில் 35 சதவீதம் வரைதான். நான்காம் ஆண்டில் முழுச் சுமையும் நகரத்தின் தலையில். நல்ல காலத்தில் அது வரவுசெலவில் கரைந்துவிடும். கெட்ட காலம் என்றால், கடைசியில் சேர்ந்தவர்தான் முதலில் வெளியே போவார். நமக்கும் அந்த நான்காம் ஆண்டு வரும். அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்று ஒப்புதல் தீர்மானத்தில் ஒரு வரிகூட இல்லை. ஒப்புதல் கிடைத்த அன்று வாழ்த்துச் சொன்னவர்களிடம் நான் முகம் கொடுத்துப் பேசாததற்குக் காரணம் இதுதான். கர்வம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, ஒப்புதல் வந்த மறுநாளே ஆள் வந்துவிடுவதில்லை. தேர்வு, உடல்தகுதி, மருத்துவப் பரிசோதனை, பிறகு பல மாதப் பயிற்சி. சென்ற வாரம் நிலையத்துக்குப் போனபோதும் நான்காவது இருக்கையில் மழைக்கோட்டுதான் இருந்தது. பழைய தலைக்கவசத்தை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் கோரிக்கைகள் சில. மாநகராட்சி வரவுசெலவுக் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் நம் சங்கத்திலிருந்து இருவர் போய் உட்கார வேண்டும்; பேச வேண்டும் என்பதுகூட இல்லை, தீயணைப்புப் பிரிவுக்கான பக்கம் வரும்போது எழுதிக்கொண்டு வந்தால் போதும். இரண்டாவதாக, அழைப்பு வந்தது முதல் குழு உள்ளே நுழைந்தது வரையிலான நேரத்தையும் துறை வெளியிட வேண்டும் என்று மனு கொடுக்கப் போகிறோம். இதற்குக் கையெழுத்து வேண்டும், தாள் வாசல் மேசையில் இருக்கிறது. புகை எச்சரிக்கைக் கருவி இல்லாத வீடுகளைக் கணக்கெடுக்கும் வேலையை இளைஞரணி ஏற்றிருக்கிறது. ஆள் கேட்கிறவர்கள் நம் வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருந்தால் மன்றத்தில் நம்மைத்தான் திருப்பிக் கேட்பார்கள். கேட்டும்விட்டார்கள்.

ரசீதின் பின்பக்கத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஐயாவுக்கும், அன்று என் வார்த்தையைப் பொறுத்துக்கொண்ட நிலைய வீரர்களுக்கும், எதிர்க்கேள்வி கேட்டு நம்மைத் தயார்படுத்திய பொருளாளருக்கும் நன்றி.

முடிவாக ஒரு திருத்தம். சென்ற ஆண்டுப் பொதுக்குழுத் தீர்மானத்தில் “ஒரு வீரர்” என்று இருப்பதை, “ஒரு இருக்கையை நாள் முழுவதும் நிரப்பத் தேவையான வீரர்கள்” என்று மாற்ற அனுமதி கோருகிறேன். அத்திருத்தத்தோடு இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்