கோமதிக்கு, கேம்பிரிட்ஜிலிருந்து

ஏட்டி கோமதி,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. போனும் செய்யவில்லை. கோபமாக இருப்பாய், இருக்கத்தான் வேண்டும். இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவளுக்குச் சுகப்பிரசவம், ஆண் குழந்தை, 3 கிலோ. மூக்கு அப்படியே எங்க அப்பா மூக்கு. குளிர்தான் தாங்கவில்லை. காலையில் காயப்போட்ட துணி மறுநாள் சாயங்காலமும் ஈரமாகவே கிடக்கிறது. தங்கமணி டீச்சர் பார்த்தால், "கொடியில போட்டியா, குளத்துல போட்டியா?" என்று கேட்டிருப்பாள். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. போன மாதம் மருமகன் என்னை இங்கே ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்துக்குக் கூட்டிப்போனார். கிரேக்க, ரோமச் சிலைகள் இருக்கும் கூடத்தில் ஒரு பெண் சிலை. இடுப்புக்குக் கீழே இல்லை, அதுவே என்னைவிட உயரம். தலையில் வட்டமாக ஒரு பெட்டி. பெட்டியைச் சுற்றி இருக்கிற கதிரும் பூவும் நேற்றுச் செதுக்கியதுபோல் இருக்கின்றன. முகம் மட்டும் தேய்ந்துபோய், மூக்கும் இல்லை, வாயும் இல்லை. களத்திலிருந்து நெல்லுக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் வருவாளே உங்க வளவு இசக்கி, அவள் நினைவு வந்துவிட்டது. அந்த இடத்தை விட்டு நகரவே முடியவில்லை.

அந்தச் சிலையின் கதையைக் கேள். கிரேக்க நாட்டில் ஏதென்ஸிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் எலூசிஸ் என்று ஓர் ஊர். டிமீட்டர் என்ற தானிய தேவதைக்குப் பெரிய கோயில் இருந்த ஊர். நாலாம் நூற்றாண்டின் கடைசியில் கோயிலை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு 1,400 வருஷம் கழித்து, 1801இல் கிளார்க் என்ற கேம்பிரிட்ஜ்க்காரர் அங்கே போகிறார். ஊர் ஜனங்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள். ஆனாலும் இந்தச் சிலையைக் கழுத்துவரை எருவில் புதைத்து வைத்திருக்கிறார்கள். அவமரியாதை இல்லை கோமதி. இவள் இருக்கிறவரைக்கும் எங்கள் வயல் விளையும் என்ற நம்பிக்கை. உங்க வீட்டு எருக்குழிப் பக்கம் செருப்போடு போனால் உங்க மாமியார் என்ன பாடு படுத்துவார், அதை நினைத்துக்கொள், புரியும். வேதத்தில் இல்லாத, சர்ச்சில் இல்லாத ஒரு புனிதையாக, 'புனித டிமீட்ரா' என்றே அவளுக்குப் பெயர்.

கிளார்க் அதிகாரியைச் சரிக்கட்டி அனுமதி வாங்கிவிட்டார். எடுக்கப் போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம், நுகத்தடியிலிருந்து அவிழ்த்த மாடு ஒன்று ஓடிவந்து சிலையைக் கொம்பால் முட்டிவிட்டு, கத்திக்கொண்டே வயலுக்குள் ஓடியதாம். ஊரே நடுங்கிப்போய், ஒருத்தரும் கை வைக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். கடைசியில் அந்த ஊர்ப் பாதிரியார் வந்து முதல் வெட்டு வெட்டித் தொடங்கிவைத்தார். இதை ஏற்றிப் போகிற கப்பல் கரை சேராது என்று ஜனங்கள் சொன்னார்கள். சொன்னபடியே இங்கிலாந்தின் தென்கரையில் பீச்சி ஹெட் பக்கத்தில் கப்பல் உடைந்தது. ஆனாலும் சிலை தப்பியது. கிளார்க்கே இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். இன்னொன்றும் உண்டு, இது அந்தத் தேவியின் சிலையே இல்லை. வாசலைத் தாங்கி நின்ற இரண்டு பெண் தூண்களில் ஒன்று. இவளுடைய ஜோடி இன்னும் எலூசிஸிலேயே இருக்கிறாள். ஜனங்களுக்கு அந்த வித்தியாசம் எல்லாம் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் எரு போட்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்ததும் நூலகத்தில் டிமீட்டர் பற்றிய பழைய பாட்டைத் தேடி எடுத்தேன். சுமார் 500 வரி, 2,500 வருஷத்துக்கும் மேலே பழையது. அதன் கையெழுத்துப் பிரதி 1777இல் மாஸ்கோவில் கிடைத்திருக்கிறது. ஒரு தொழுவத்தில் கோழிக்கும் பன்றிக்கும் நடுவே பல வருஷம் கிடந்ததாகக் கண்டுபிடித்தவர் எழுதியிருக்கிறார். குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்து மூன்று நாளில் படித்து முடித்தேன். பத்தாம் வகுப்பில் கிரேக்கர்களைக் கிரகங்கள் என்று எழுதி அடி வாங்கினவள் நீ. உனக்குக் கதையை முதலிலிருந்தே சொல்கிறேன்.

டிமீட்டருக்கு ஒரு மகள், பெர்சிஃபனி. தோழிகளோடு பூப்பறித்துக்கொண்டிருக்கிறாள். ஒரே வேரிலிருந்து நூறு பூ பூத்த நார்சிசஸ் ஒன்றை ஆசையாகப் பறிக்கக் கை நீட்டுகிறாள். பூமி பிளந்து, பாதாள ராஜா ஹேடீஸ் ரதத்தோடு வந்து தூக்கிக்கொண்டு போகிறான். அவன் திருடன் மாதிரி வந்தான் என்று நினைக்காதே. பெண்ணைக் கொடுத்தது அவளுடைய அப்பா ஸீயஸ். அவனும் ஹேடீஸும் அண்ணன் தம்பி. இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண் கத்தின கத்தல் தேவர்களுக்கும் கேட்கவில்லை, மனுஷருக்கும் கேட்கவில்லை, காய்த்து நின்ற ஆலிவ் மரத்துக்குக்கூடக் கேட்கவில்லை என்று அந்தப் பாட்டில் வருகிறது. குகைக்குள் இருந்த ஹெகேட் என்ற தேவதை, மேலே போய்க்கொண்டிருந்த சூரியன் ஹெலியோஸ், இரண்டு பேர் காதில்தான் விழுந்தது. எதிரொலி மட்டும் அம்மாவை எட்டியது. ஒன்பது நாள் சாப்பிடாமல், குளிக்காமல், இரண்டு கையிலும் பந்தத்தோடு தேடி அலைகிறாள்.

பத்தாம் நாள் சூரியனிடம் போய்க் கேட்கிறாள். அவன் நடந்ததைச் சொல்லிவிட்டு, கூடவே ஒன்று சொல்கிறான். "அழாதே. மாப்பிள்ளை ஒன்றும் குறைந்தவன் இல்லை. உன் கூடப்பிறந்தவன்தானே. மூன்றில் ஒரு பங்கு உலகத்துக்கு ராஜா."

கோமதி, அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

உன் மகள் மலர் கல்யாணத்தை உங்க வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் வெற்றிலை பாக்கு மாற்றின பிறகுதான் உன்னிடம் சொன்னார்கள். ராத்திரி பத்து மணிக்கு நீ எனக்குப் போன் பண்ணினாய். நான் என்ன சொன்னேன்? "மாப்பிள்ளை யாரு, உன் அண்ணன் மகன்தானே, வசதிக்கு என்ன குறைச்சல், அழாதே." நீ ஒன்றும் பேசாமல் போனை வைத்துவிட்டாய். அந்தச் சூரியன் சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் ஒரு சொல்கூட வித்தியாசம் இல்லை. பையன் நல்லவனா கெட்டவனா என்பது நீ கேட்ட கேள்வியே இல்லை. உன்னைக் கேட்காமல் செய்தார்கள் என்றாய். அதற்கு நான் பதிலே சொல்லவில்லை. தப்பு என்னுடையதுதான், என்னை மன்னித்துவிடு. இத்தனை மாதமாக எழுதாமல் இருந்ததும் இதனால்தான்.

மீதிக் கதையையும் கேள், உனக்குப் பிடிக்கும். டிமீட்டர் தேவர்கள் இருக்கிற பக்கமே போகாமல், கிழவி வேஷத்தில் எலூசிஸ் ஊர்க் கிணற்றடியில் வந்து உட்காருகிறாள். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். நல்ல ஆசனம் கொடுத்தும் உட்கார மாட்டேன் என்கிறாள். இயாம்பே என்று ஒரு வேலைக்காரி. அவள் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, மேலே ஆட்டுத்தோலை விரித்தாள். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தவளைக் கேலி பேசிச் சிரிக்க வைத்தாள். அதற்குப் பிறகுதான் ஒரு வாய் குடித்தாள். திராட்சை ரசம் வேண்டாம் என்று சொல்லி, புதினா மாதிரி ஒரு இலை போட்ட பார்லிக் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். 

பிறகு தனக்கென்று ஒரு கோயில் கட்டச் சொல்லி அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். சண்டை இல்லை, சாபம் இல்லை. விதையை மட்டும் முளைக்க விடவில்லை. மாடு உழுகிறது, பார்லி விழுகிறது, ஒன்றும் மேலே வரவில்லை. மனுஷர் பட்டினி, தேவர்களுக்குப் படையலும் இல்லை. இடி வைத்திருக்கிற ஸீயஸ் ஒவ்வொருத்தராகத் தூது அனுப்புகிறான், சீர்வரிசையோடு. என் மகளை என் கண்ணால் பார்க்கிறவரை ஒரு புல் முளைக்காது என்றுவிட்டாள். கடைசியில் இறங்கி வந்தது ஸீயஸ்தான். ராட்சதர்களை அடக்கினவன் இந்த ஒருத்தி உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திரிக்காததால் தோற்றான். நீ புறவாசலில் போய் உட்கார்ந்து பதினோரு நாள் அடுப்புப் பக்கமே வரவில்லை என்று சரசு சொன்னபோது, என்ன பிடிவாதம் இது என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

மகள் வந்துவிட்டாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். கட்டிக்கொண்டே இருக்கும்போது மனசில் என்னவோ உறுத்தி, அம்மா கேட்கிறாள்: "கண்ணு, அங்கே ஏதாவது சாப்பிட்டியா?" எந்த ஊர் அம்மாவும் முதலில் கேட்கிறதுதானே? இங்கே அந்தக் கேள்விக்குள்தான் எல்லாமே இருக்கிறது. மாதுளை விதை ஒன்றைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பியிருக்கிறான். அதனால் வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே, மீதி அம்மாவோடு. முழுசாகக் கிடைக்கவில்லை. அன்று பொழுது முழுக்க இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தேற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று வருகிறது. எனக்குப் படிக்கப் படிக்கத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மலர் பொங்கலுக்கு வந்தாளா? எத்தனை நாள் இருந்தாள்? எழுது.

எனக்கு விசா முடிகிறது, அடுத்த மாதம் 12ஆம் தேதி திருநெல்வேலி வந்துவிடுவேன். மறுநாளே முதல் பஸ்ஸில் அம்பைக்கு வருகிறேன். சொதி எல்லாம் வைக்காதே, ரசமும் அப்பளமும் போதும். புறவாசலில் உன் பக்கத்தில் எனக்கும் ஒரு முக்காலி போட்டு வை. நீ பேசினால் கேட்டுக்கொண்டிருப்பேன். பேசாவிட்டாலும் சாயங்காலம் வரை இருந்துவிட்டுத்தான் போவேன்.

உன்
காந்திமதி