நீடாமங்கலம் கேட்டில் கிடைத்த உதவி

போன மாதம் கும்பகோணம்–மன்னார்குடி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த தம்பிக்கு இந்த நன்றி. பேர்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

ஜெர்மனியில் படிக்கும் மகள் போனில் அழுதாள்: விசா முடிய 12 நாள்தான், குடிவரவு அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்டே கிடைக்கவில்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல சாத்திக் கிடந்தது. அன்றைக்கு மட்டும் அதை நான் திட்டவில்லை.

"ஐயா, கெடு முடியறதுக்குள்ள விண்ணப்பம் போயிட்டா, முடிவு வர்ற வரைக்கும் தங்கலாம். தற்காலிகச் சான்று கேக்கச் சொல்லுங்க" என்றவர், என் டிக்கெட்டின் பின்பக்கமே பொடி எழுத்தில் எழுதினார்: சேர்க்கைச் சான்று, மருத்துவக் காப்பீடு, மாதம் 992 யூரோ வீதம் பண ஆதாரம். கேட் திறந்ததும் இறங்கிவிட்டார்.

அன்றிரவே அனுப்பினாள். சான்று வந்துவிட்டது, தம்பி. டிக்கெட் இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது.